பிள்ளையார் ஓட்டம்

ஜூன் 2, திங்கள்

வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டது. ஏழு பக்கம் புகழ்ச்சி, கடைசியில் ஒரே ஒரு வரி ஆப்பு. இரண்டு புரோகிராம்களையும் தலா முப்பது தடவை ஓட்டி, சராசரியும் விலகலும் தர வேண்டுமாம்.

ஏழு வருடம் நான் செய்ததை யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். செயற்கைக்கோள் படத்தில் கண்மாய்களைத் தேடிக் கரைக்கோடு வரையும் புரோகிராம். ஒரு மாவட்டத்தின் படத்தை முடிக்க, ஆய்வகத்தில் முன்பே இருந்த பழையது நாற்பத்தொரு நிமிடம் எடுத்துக்கொண்டது. என்னுடையது இருபத்தாறு. இந்தப் பதினைந்து நிமிடம்தான் என் ஆய்வேடு. மற்ற நூற்றெண்பது பக்கமும் அதற்குத் தைத்த சட்டை.

குற்றாலிங்கம் சார் என் நெறியாளர். எதற்கும் பதற மாட்டார். "முப்பது தடவைதான உலகம்மை, மலையவா புரட்டச் சொல்லுதான்? ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டுட்டுப் போ, மிஷின் பார்த்துக்கிடும். இருபத்தேழாந்தேதி வைவா. நோட்டீஸ் போட்டாச்சு" என்றார்.

வீட்டில் தண்ணீர் வரவில்லை. நாளை வருமாம்.

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

ஸ்கிரிப்ட் எழுதப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. இந்த ஷெல் ஸ்கிரிப்ட் என்பது கணினியிடம் எழுதிக் கொடுக்கும் வேலைச் சீட்டு, அவ்வளவுதான். ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணு, ஒவ்வொரு தடவையும் புரோகிராமை ஓட்டு, எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு கோப்பில் எழுது. மனிதனைப் போல அலுத்துக்கொள்ளாது. எதற்கு என்றும் கேட்காது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதத் தொடங்குமுன் பிள்ளையார் சுழி போடுகிறோம் அல்லவா, அதுபோல முதல் ஓட்டம் பிள்ளையாருக்கு. முதல் ஓட்டம் எப்போதும் சண்டித்தனம் செய்யும், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது சார் போட்ட சட்டம். 'பிள்ளையாருக்கு விட்டாச்சா?' என்று கேட்ட பிறகுதான் எங்கள் எண்களை அவர் கையில் வாங்குவார். இந்தத் தடவை நான் பிள்ளையாருக்கு விடவில்லை. முப்பதில் ஒன்று கெட்டால் கெட்டுவிட்டுப் போகிறது.

பழையதை முதலில் ஓட விட்டிருக்கிறேன். முப்பது நாற்பத்தொன்று, ஏறக்குறைய இருபத்தொரு மணி நேரம். நாளை மதியம் முடியும்.

ஜூன் 5, வியாழன்

நேற்றே முடிந்துவிட்டது. அதுவும் முடிய வேண்டிய நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்னால்.

கோப்பில் முதல் வரி 41 நிமிடம். இரண்டாவது வரி 25 நிமிடம் 52 நொடி. அப்புறம் முப்பதுவரை எல்லாமே இருபத்தைந்து, இருபத்தைந்தே முக்கால், இருபத்தாறு.

கரண்ட் போய் வந்து எண்கள் கெட்டிருக்கும். யுபிஎஸ் சரியில்லை என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லேப் உதவியாளர் முத்துக்குட்டி அண்ணனைப் பிடித்துக் கத்தினேன். "நேத்து கரண்டே போவலியேம்மா" என்றார் பாவம். அவரிடம் கத்தியிருக்க வேண்டாம்.

ஜூன் 6, வெள்ளி

கணினியை அணைத்துப் போட்டு மறுபடி ஓட்டினேன். 41. அப்புறம் 25, 25, 25.

சங்கரலிங்கத்துக்குச் சிறுகிழங்குப் பொரியல் வேண்டுமாம். சிறுகிழங்கு தை மாதத்தில் அல்லவா வரும் என்று சண்டை போட்டேன். அவர் என் கணவர், பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். எந்த மாதத்தில் எது விளையும் என்று தெரியாது. யார் எத்தனை நொடியில் நூறு மீட்டர் ஓடினான் என்று மட்டும் தெரியும்.

ஜூன் 9, திங்கள்

என்னுடையதை ஓட்டினேன். கணினியை அணைத்துப் போட்டு, சுத்தமாக.

முதல் ஓட்டம் 41 நிமிடம்.

மற்ற இருபத்தொன்பதின் சராசரி 26 நிமிடம் 20 நொடி. பழையதின் சராசரி 25 நிமிடம் 50 நொடி.

கூட்டலில் தப்பு இருக்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 10, செவ்வாய்

தலைவலி. எதையும் ஓட்டவில்லை.

ஜூன் 11, புதன்

கூட்டலில் தப்பு இல்லை.

சாப்பிடும்போது சங்கரலிங்கம் கொதித்துக்கொண்டிருந்தார். இன்று வட்டார அணிக்குத் தேர்வு. கிராமத்துப் பள்ளிப் பெண் ஒருத்தி பஸ் பழுதாகித் தாமதமாக வந்திருக்கிறாள். இறங்கிய கையோடு அவளைக் கோட்டில் நிறுத்தி விசில் அடித்துவிட்டார்களாம்.

"மத்தவளுவ எல்லாம் ரெண்டு ரவுண்டு ஓடி உடம்பச் சூடாக்கிட்டு நிக்காளுவ. இவ மூணு மணி நேரம் பஸ்ல மடங்கி உக்காந்து வந்தவ. பச்ச உடம்போட ஓடுனா தோக்கத்தான செய்வா? இதுக்குப் பேரு போட்டியா உலகு? நீயே சொல்லு" என்றார்.

"இல்ல" என்றேன்.

"நேரத்த மட்டும் கரெக்டா குறிச்சுக்கிட்டானுவ. ஸ்டாப் வாட்ச்ல ஒரு தப்பும் இல்லயாம்."

பாதிச் சோற்றில் கை கழுவினேன். உப்புக் கூடிப்போச்சா என்று கேட்டார்.

ஜூன் 12, வியாழன்

முதல் ஓட்டத்தின் சண்டித்தனத்துக்குக் காரணம் இரண்டாம் ஆண்டு மாணவனுக்கே தெரியும். படம் பெரிது. முதல் தடவை அதை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றவே கால் மணி நேரம் போகும். அடுத்த தடவை அது ஏற்கெனவே அங்கே இருக்கும். அந்தக் கால் மணி நேரம் புரோகிராமின் குற்றமல்ல, காத்திருந்த நேரம். அதனால்தான் பிள்ளையார் ஓட்டம்.

நான்கு வருடத்துக்கு முந்தைய ஸ்கிரிப்டைத் தேடி எடுத்தேன். என் ஆய்வேட்டின் இரண்டு எண்களும் அதிலிருந்து வந்தவை. மொத்தம் நான்கே வரி. பழையது பிள்ளையாருக்கு, பழையது கணக்குக்கு, புதியது பிள்ளையாருக்கு, புதியது கணக்குக்கு.

முதல் வரியின் முன்னால் ஒரு வேலிக்குறி இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு. அதைப் போட்டால் கணினி அந்த வரியை இல்லாததாக எடுத்துக்கொள்ளும். ஆக, பழையது பச்சை உடம்போடு ஓடியிருக்கிறது. அது ஏற்றிவைத்த படத்தின் மேல் என்னுடையது இரண்டு ரவுண்டு ஓடியிருக்கிறது. என் பதினைந்து நிமிடம் அந்த ஏற்றும் நேரம்தான்.

குறியை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. முத்துக்குட்டி அண்ணனாக இருக்கலாம். அந்தக் கணினியில் எல்லோரும்தான் கை வைப்பார்கள்.

கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரம்: அந்த வருடம் மார்ச் 14, மதியம் 2.47.

ஜூன் 14, சனி

முத்துக்குட்டி அண்ணனுக்கு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாது. அவரை எதற்கு இழுத்தேன்? நாட்குறிப்பில் கூடப் பழி போட ஆள் தேடுகிறேன்.

மார்ச் 14 அன்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆறு மணிக்கு. அம்மா காலையிலிருந்து பத்துத் தடவை போன் செய்துவிட்டாள். நாலு நாற்பது பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தரைக்குத்தான். கரண்ட் வந்ததே ரெண்டே முக்காலுக்கு. மறுநாள் காலையில் சாருக்கு எண்கள் வேண்டும். நான் விரலால் கணக்குப் போட்டேன். நான்கு ஓட்டம் என்றால் நேரம் போதாது, மூன்று என்றால் போதும். ஒரு வரியை மூடினேன். பழையதைத்தானே, யார் கவலைப்படப் போகிறார்கள் என்று.

பழையதை எழுதியவன் பக்கத்து நாற்காலியில் இருந்தான். நான் பையை மாட்டிக்கொண்டு எழுந்தபோது கேட்டான். "பழசுக்கும் பிள்ளையார் ஓட்டம் விட்டியாட்டி?"

"விட்டேன்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஓட்டம் விட்டேன் என்றால் ஓட்டினேன் என்று பொருள். வெறுமனே விட்டேன் என்றால், செய்யாமல் விட்டேன் என்றும் பொருள் வரும். எப்படி எடுத்துக்கொள்வது என்பது கேட்டவன் பாடு.

இதை எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

சாரிடம் சொல்லிவிடுவது என்று போனேன்.

"சார், பழசுக்கு நம்பர் வேற மாதிரி வருது."

"வேற மாதிரின்னா?"

"கொஞ்சம் கம்மியா."

"எவ்வளவு கம்மி?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"அன்னைக்கு எப்படி ஓட்டுனியோ, அதே மாதிரி முப்பது தடவ ஓட்டும்மா. அவரு கேட்டது அதத்தான? புதுசா ஒண்ணும் பண்ணாத. இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

"சரி சார்."

வெளியே வந்தபோது எனக்கு வந்தது அழுகை அல்ல, நிம்மதி. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 18, புதன்

ஆராய்ச்சிப் பிரிவு அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். ஜூன் 30 மாலை ஐந்து மணியோடு பதிவுக்காலம் முடிகிறவர்கள். அதற்குள் ஆய்வேடு தராதவர்களின் பதிவு ரத்து. இதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது.

மூன்றாவது பெயர் ம. இருதயராஜ். நெறியாளர்: முனைவர் குற்றாலிங்கம்.

அவன்தான், பழையதை எழுதியவன். என்னுடைய எண்கள் வந்த மாதமே சார் அவனைக் கூப்பிட்டு, "உன்னோடத இவ தாண்டிட்டா. இதுல இனிமே புதுசா என்ன இருக்கு? வேற ஏதாவது பாரு" என்று சொல்லிவிட்டார். அவன் எழுதி முடித்து பைண்டு கூடப் போட்டிருந்தான். சார் கையெழுத்துப் போடவில்லை. நாலு மாதம் வந்து போய்க்கொண்டிருந்தான், அப்புறம் வரவில்லை. என் கல்யாணத்துக்கும் வரவில்லை. தூத்துக்குடியில் ஐஸ் பிளாண்டில் மிஷின் பார்க்கிறான் என்று யாரோ சொன்னார்கள்.

பலகையின் முன்னால் நின்றிருந்தபோது பின்னால் இரண்டு பெண்கள் வழி கேட்டார்கள். நகர்ந்துகொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

இருதயராஜிடம் பேசினேன். அவன் போன் நம்பர் மாறவில்லை. எடுத்ததும் பின்னால் பெரிய மிஷின் இரைச்சல்.

"யாரு?"

"நான்தான். உலகம்மை."

பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். "சொல்லுட்டி" என்றான். நாலு வருடமாக என்னை யாரும் 'ட்டி' போட்டுக் கூப்பிடவில்லை.

"பழசு இருபத்தஞ்சு அம்பதுல ஓடுது" என்றேன்.

"எது, என்னோடதா?"

"ஆமா."

"அது எனக்குத் தெரியும்."

"எப்பலருந்து?"

"அன்னைலருந்தே. கரண்டு வந்தது ரெண்டே முக்காலு. நாலு ஓட்டம் விட்டிருந்தா முடிய நாலே முக்காலு ஆவும். நீ நாலு நாப்பது பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து எனக்குக் கை காட்டுன."

"பொறவு ஏன் சார்ட்ட சொல்லல?"

"சொன்னேன். நானே ஓட்டிப் பாத்து, நம்பர எடுத்துக்கிட்டுப் போயிக் காட்டுனேன். 'அப்ப உலகம்மை பொய் சொல்லுதாங்கியா?'ன்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன்."

அவனே தொடர்ந்தான். "நீயே சொல்லுவன்னு நெனச்சேன். கல்யாணச் சோலில இருக்கா, முடியட்டும், சொல்லுவான்னு இருந்தேன். பொறவு உன் பேப்பர் வந்துட்டு."

"இருதயராஜ்..."

"தீசிஸ் பைண்டு போட்டது அப்படியே பீரோல கெடக்குட்டி. முப்பதாம் தேதி வர எனக்குப் பதிவு இருக்கு. நீ ஒரு வார்த்த சொன்னா சார் கையெழுத்துப் போட்டுத்தான ஆவணும்? வண்டியேறுனா ஒரு மணி நேரம், வந்துருவேன். சொல்லுவியா?"

"சொல்லுதேன்."

"சரி. வைக்கேன். மிஷின் ஓடுது."

எப்போது சொல்வாய் என்று அவன் அன்றைக்கும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஸ்கிரிப்டைத் திருத்தினேன். பழையது ஓடும் ஒவ்வொரு தடவைக்கும் முன்னால், நினைவகத்தில் இருப்பதை எல்லாம் துடைத்துவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். புதியதுக்கு அந்த வரி இல்லை. அதற்கு மட்டும் பிள்ளையார் ஓட்டம் உண்டு.

சார் சொன்னது இதைத்தானே? அன்றைக்கு ஓட்டியது போலவே.

எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காக மட்டும்தான். எதையும் முடிவு செய்துவிடவில்லை.

ஜூன் 23, திங்கள்

பழையது: சராசரி 41 நிமிடம் 4 நொடி, விலகல் 9 நொடி. புதியது: சராசரி 26 நிமிடம் 20 நொடி, விலகல் 8 நொடி.

என் வாழ்க்கையில் நான் எடுத்த எண்களிலேயே இவைதான் மிக ஒழுங்கானவை. முப்பது தடவையும் ஒரு வரி கூடப் பிசகவில்லை. மார்ச் 14 அன்று நான் செய்தது அவசரம். கேட்டால் தப்பு என்று சொல்லியிருக்கலாம், மன்னித்திருப்பார்கள். இதை என்னவென்று சொல்வது? உட்கார்ந்து, யோசித்து, எழுத்துப் பிழை திருத்தி, முப்பது தடவை செய்திருக்கிறேன்.

சார் அட்டவணையைப் பார்த்தார். "பிள்ளையாருக்கு விட்டாச்சா?" என்று கேட்கவில்லை. ஏழு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

ஜூன் 25, புதன்

மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலையைத் தேய்க்கக் கொடுத்தேன். சாப்பாட்டுப் பொட்டலம் முப்பது சொல்லியிருக்கிறது, லட்டு தனி. அம்மா வள்ளியூரிலிருந்து வந்துவிட்டாள். எல்லோரிடமும் 'எம்மவ டாக்டர்' என்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று நான் விளக்க வேண்டியிருக்கிறது.

நாளைக்குச் சாரிடம் சொல்லிவிடுவேன்.

ஜூன் 26, வியாழன்

சார் நாளைய வைவாவுக்கு வரும் வெளியூர்த் தேர்வாளரை அழைத்துவர ரயில் நிலையம் போய்விட்டார்.

ஜூன் 27, வெள்ளி

முடிந்தது.

வாய்மொழித் தேர்வு நடந்த கருத்தரங்கக் கூடம் பாதி நிறைந்திருந்தது. முன் வரிசையில் அம்மா, அவளுக்குப் பக்கத்தில் சங்கரலிங்கம், வெள்ளைச் சட்டையில், பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு. நாற்பது நிமிடம் பேசினேன். அட்டவணை வந்ததும் வெளியூர்த் தேர்வாளர், "ரொம்ப சுத்தமான அளவீடு. எங்க பிள்ளைங்க இதைப் பார்க்கணும்" என்றார். நான் தண்ணீர் குடித்தேன்.

பிறகு அவர் வழக்கம்போல அவையைப் பார்த்து, "பொதுவுல யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார். யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோரும் பொட்டலத்துக்காகக் காத்திருப்பார்கள்.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். தலையில் முன்னால் முடி போயிருந்தது. மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் பெரிய புத்தகம் போல ஏதோ சதுரமாக. எழும்போது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வணக்கம். ஒரேயொரு சந்தேகம்" என்றான் இருதயராஜ். "பழைய புரோகிராமுக்கும் முதல் ஓட்டம் விட்டீங்களா?"

விட்டீங்களா. என்னை அவன் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

குற்றாலிங்கம் சார் குனிந்து படிவத்தில் ஏதோ எழுதுவது போல இருந்தார். அவருடைய பேனா நகரவில்லை. எனக்கு முன்னால் இருந்தது ஒரு சின்ன வார்த்தை. 'இல்லை'. அதைச் சொல்ல ஒரு நொடி கூட ஆகாது. அம்மா திரும்பி, யார் அந்தப் பையன், நன்றாகக் கேள்வி கேட்கிறானே என்பது போலப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"விட்டேன்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் நின்றான். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்க வேண்டும். "நன்றிங்க" என்று உட்கார்ந்தான்.

கை தட்டினார்கள். சால்வை போட்டார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது கடைசி வரிசை காலியாக இருந்தது. பொட்டலம் முப்பதில் ஒன்று மிஞ்சியது. முத்துக்குட்டி அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஜூன் 28, சனி

சங்கரலிங்கம் கதவுக்குப் பெயர்ப் பலகை சொல்லிவிட்டு வந்திருக்கிறார். 'முனைவர்' பெரிதாக, என் பெயர் அதற்குக் கீழே. அவர் பெயர் வேண்டாமாம்.

"ஏன் உலகு மூஞ்சி இப்படி இருக்கு? ஜெயிச்சவ மாதிரியா இருக்க?" என்றார்.

அந்தக் கிராமத்துப் பெண்ணின் தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மறுபடி ஓட விட்டோம்லா. அவதான் ஃபர்ஸ்ட்" என்றார் சந்தோஷமாக. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே அம்மா, பிள்ளைக்கு இத்தனை வருட அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 30, திங்கள்

திருத்திய பிரதியைக் கொடுக்கக் கல்லூரிக்குப் போனேன். அந்த வேலை நாலு மணிக்கே முடிந்தது. ஆராய்ச்சிப் பிரிவில் ஐந்து மணி வரைக்கும் வாங்குவார்கள்.

சார் அறையில்தான் இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. நான் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய்ச் சொல்ல இரண்டு நிமிடம். அவர் இங்கிருந்து தூத்துக்குடிக்குப் பேச ஒரு நிமிடம். கையெழுத்துக்கு ஒரு நிமிடம் கூட வேண்டாம். ஆனால் தூத்துக்குடியிலிருந்து வர ஒரு மணி நேரம் ஆகும். நாலு மணி தாண்டிய பிறகு சொல்லி இனி என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் மாடிப்படியின் கீழே பார்த்தேன். அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில், துணிப்பையோடு, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தானோ. மேலே பார்க்கவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

நான் அந்தப் பக்கத்துப் படியில் இறங்கவில்லை. பின்பக்கம் கேன்டீன் வழியாகப் போனேன்.

நாலு நாற்பது பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் இடமும் இருந்தது.